பாஸாவ் முதல் வியன்னா வரை டான்யூப் கரையில் 7 நாள் சைக்கிள்: எந்தக் கரை, எங்கே கடப்பது?

#1 – திண்ணை

வணக்கம். ஜூலை இரண்டாம் பாதியில் மூன்று பேர் போகத் திட்டம்: இரண்டு பெரியவர்கள், 11 வயது மகள். சென்னையிலிருந்து மியூனிக் விமானம். சைக்கிளை ஜெர்மனி எல்லை ஊரான பாஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விடுவதாக எண்ணம். முடிந்தவரை ஒரு நாளைக்கு 50 கி.மீ. அளவில் இருக்க வேண்டும். மூவரில் ஒருவர் முட்டை சாப்பிடும் சைவம்.

வரைபடத்தில் ஆற்றின் இரண்டு பக்கமும் பாதை காட்டுகிறது, இரண்டுக்கும் ஒரே பெயர். எந்தக் கரையில் போவது? மாறி மாறிப் போவதென்றால் எங்கே கடப்பது? சைக்கிள், சாப்பாடு, விசா பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – கரையோரக்கொக்கு

கேள்வியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். இந்தப் பாதையில் தொலைவோ ஏற்றமோ பெரிய விஷயம் இல்லை. இன்று எந்தக் கரை என்பதுதான் ஒவ்வொரு நாள் காலையிலும் எடுக்க வேண்டிய முடிவு. தவறான கரையில் மாட்டினால் பாதை திடீரென முடிந்துவிடும், அல்லது லாரிச் சத்தத்தில் இருபது கி.மீ. ஓட்ட வேண்டி வரும்.

முதலில் ஒரு விஷயம். இடது, வலது என்பது ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வருவது. நீங்கள் ஆற்றோடு கீழ்நோக்கிப் போகிறீர்கள், அதனால் உங்கள் இடக்கைப் பக்கம்தான் இடது கரை, அதாவது வடகரை.

இரண்டாவது, கரையோரம் நிற்கும் கி.மீ. பலகைகள். அவை கப்பல்களுக்காக வைத்தவை. டான்யூபில் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுவார்கள். பாஸாவில் இன் ஆறு சேரும் இடம் 2225. லின்ஸ் 2135, கிரைன் 2079, மெல்க் 2036, கிரெம்ஸ் 2002, டுல்ன் 1963, வியன்னாவின் ரைஹ்ஸ்பாலம் 1929. இரண்டு எண்ணைக் கழித்தால் ஆற்றுத் தொலைவு வந்துவிடும். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து ஓட்டும் தொலைவு அதைவிடக் கொஞ்சம் கூடும். மொத்தம் 310–320 கி.மீ. என்று வையுங்கள். ஃபோன் அணைந்துபோனாலும் இந்தப் பலகைகளை வைத்தே அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று மகளே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள்.

இனி துண்டு துண்டாக.

பாஸாவ் – ஷ்லோகன்: வலது கரையில் போனால் பாஸாவ் எல்லை தாண்டியதுமே ஆஸ்திரியா. இடது கரை யோஹன்ஷ்டைன் வரை ஜெர்மனி. பாஸாவை விட்டு வெளியேறும்போது இடது கரைப் பாதை பெரிய சாலையை ஒட்டியே போகும். ஆனால் யோஹன்ஷ்டைனுக்குப் பிறகு அதே இடது கரை முழுத் துண்டிலேயே மிக அமைதியான பகுதியாகிவிடும்: ஒரு பக்கம் காடு, மறுபக்கம் தண்ணீர். ஆகவே வலது கரையில் கிளம்பி, யோஹன்ஷ்டைன் மின்நிலையத்தின் மேலாக இடப்பக்கம் மாறுங்கள். மின்நிலைய நடைபாதை மூடியிருந்தால் ஏறக்குறைய பத்து கி.மீ. கீழே நீடர்ரன்னாவில் பாலம் உண்டு.

ஆவ் என்ற சிற்றூரில் இடது கரைப் பாதை நின்றுவிடும். அங்கே மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஷ்லோகன் வளைவு இதுதான். பழைய கடினப் பாறையை வெட்ட முடியாமல் ஆறு ஏறக்குறைய முழுவட்டமாகத் திரும்புகிறது. ஆவிலிருந்து இரண்டு படகுகள்: ஒன்று எதிர்க்கரை ஷ்லோகனுக்கு, மற்றது ஆற்றோடு நீளவாக்கில் கிராஃபனாவுக்கு. இரவு ஷ்லோகனில் என்றால் முதலாவது.

ஷ்லோகன் – ஆஷாஹ்: வலது கரை, யோசிக்கவே வேண்டாம். இன்ஸெல் வழியாக விடாமல் பாதை இருக்கிறது. இடது கரை இங்கே துண்டு துண்டாக அறுந்து கிடக்கும்.

ஆஷாஹ் – லின்ஸ்: ஆஷாஹில் பாலம் ஏறி இடது கரை, ஓட்டன்ஸ்ஹைம் வரை நிம்மதி. அங்கிருந்து லின்ஸ் வரை பாதை தனியாக இருந்தாலும் நெடுஞ்சாலைக்கும் ரயில் தடத்துக்கும் பக்கத்திலேயே போகும். இரைச்சல்தான், ஆபத்தில்லை. ஓட்டன்ஸ்ஹைமில் கயிற்றுப் படகு ஏறி எதிர்க்கரை வில்ஹெரிங் போய், அங்குள்ள சிஸ்டெர்சியத் துறவிமடத்தின் ரொக்கோகோ தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஓட்டலாம். உள்ளே ஒரு சாண் சுவரைக்கூட அலங்காரமில்லாமல் விடவில்லை.

லின்ஸ் – கிரைன்: இடது கரை. வலது கரை லின்ஸைத் தாண்டும்வரை எஃகு ஆலைப் பகுதி.

கிரைன் – இப்ஸ்: வலது கரை. இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். இடது கரையில் போக்குவரத்துச் சாலை ஓடுகிறது. கிரைன் ஊர் இடது கரையில் இருப்பதால் பலரும் அப்படியே நேராகப் போய் மாட்டுவார்கள்.

இப்ஸ் – மெல்க்: எதுவானாலும் சரி.

மெல்க் – கிரெம்ஸ்: இதுதான் வாஹாவ் பள்ளத்தாக்கு. தனியாகப் பேச வேண்டும்.

கிரெம்ஸ் – டுல்ன்: இடது கரையில் ஆல்டன்வொர்த் மின்நிலையம் வரை, அங்கே கடந்து வலது கரை.

டுல்ன் – வியன்னா: வலது கரை, குளோஸ்டர்நொய்பர்க் வழியாக நுஸ்டார்ஃப். அங்கிருந்து டான்யூப் கால்வாயின் கரையைப் பிடித்தால் கார்களோடு மோதாமல் நகர மையம் வரை வந்துவிடலாம்.

#3 – பெடல்பித்தன்

கொக்கு அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். குழந்தையோடு போகிறவர்களுக்கு இத்தனை தடவை கடப்பது தேவையா? பாஸாவிலிருந்து ஆஷாஹ் வரை வலது கரையிலேயே போய்விடலாமே? சாலையை ஒட்டிப் போனாலும் தனிப் பாதைதான். படகு நேரம், காத்திருப்பு, சைக்கிளைத் தூக்கி ஏற்றுவது எதுவும் இல்லை.

#4 – கரையோரக்கொக்கு

மழை நாளில் நீங்கள் சொல்வதுதான் சரி, அப்படியே செய்யலாம். வெயில் நாளில் யோஹன்ஷ்டைன்–ஆவ் துண்டை விடுவது இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த இரண்டு மணி நேரத்தை விடுவதற்குச் சமம். கார் பயமில்லாமல் 11 வயதுப் பிள்ளை பெற்றோருக்கு இணையாகப் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய இடம் அது. படகு ஏற்றமும் அப்படியொன்றும் சிரமமில்லை. சாய்வுப் பலகையில் உருட்டிக்கொண்டு போனால் போதும், பைகளைக் கழற்ற வேண்டியதில்லை. சில்லறையாகப் பணம் மட்டும் கையில் வையுங்கள்.

ஆனால் படகுகள் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை, அதுவும் பகலில் மட்டும்தான். மாலை ஆறு மணிக்கு ஆவில் போய் நின்றால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அன்றைய கடைசிப் படகு எப்போது என்பதைக் காலையில் விடுதியிலேயே கேட்டுவிடுங்கள்.

#5 – நீர்மட்டம்

படகு நிற்கும் இன்னொரு காரணம் வெள்ளம். பாஸாவில் மூன்று ஆறுகள் சேருகின்றன: காட்டுக் கரிமண்ணிலிருந்து கருப்பாக வரும் இல்ஸ், ஆல்ப்ஸ் மலையிலிருந்து பச்சையாக வரும் இன், பிறகு டான்யூப். பெயர் டான்யூபுக்குப் போனாலும் சராசரியாக அங்கே அதிகத் தண்ணீர் கொண்டுவருவது இன் ஆறுதான். அதனால் மேலே மலையில் பெய்த மழை, உங்களுக்கு வானம் தெளிவாக இருக்கும்போதுகூட, கீழே பாதையை மூடும். 2013 ஜூனில் பாஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. நகர மன்றக் கோபுரச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் கோடு போட்டிருக்கிறார்கள். கிளம்பும் முன் மகளை அதன் கீழே நிற்க வைத்துக் காட்டுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் பாதை உடனே சரியாகிவிடாது. ஒரு விரல்கடை கனத்துக்கு வண்டல் படிந்திருக்கும். ஈரமாக இருந்தால் சோப்பு போல வழுக்கும், காய்ந்தால் தூசியாகிச் சங்கிலியில் ஒட்டும். அதில் பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பக் கூடாது. முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகக் கடக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியாவில் வந்த பெருவெள்ளத்தில் டுல்ன் சமவெளிப் பக்கம் கிளை ஆறுகள்தான் அதிகச் சேதம் செய்தன. வலது கரையில் மாற்றுப் பாதைப் பலகை இருந்தால் ‘இது பழைய அறிவிப்பாக இருக்கும்’ என்று தாண்டிப் போகாதீர்கள். சிற்றாற்றுப் பாலம் போயிருந்தால் திரும்பித்தான் வர வேண்டும்.

#6 – சங்கிலிக்கோவை

சைக்கிள் பற்றி நான் சொல்கிறேன்.

இந்தப் பாதை தட்டையாக இருப்பது தற்செயல் இல்லை. பல இடங்களில் இது பழைய இழுவைப் பாதை. நீராவிக்கு முன் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து கப்பலை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்த வழி. ஆகவே நிறைய கியர் வேண்டாம், 7 அல்லது 8 கியர் உள்ள டிரெக்கிங் சைக்கிளே தாராளம். டயர் 37 முதல் 47 மி.மீ. அகலம். அழுத்தம் எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். பின்சக்கரத்தில் பை தொங்குவதால் முன்சக்கரத்தைவிட அரை பார் கூடுதலாக வையுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று.

ஒன்று, பிரேக். நம் ஊரில் வலக்கைப் பிடி முன்சக்கரம். அங்கே இடக்கைதான் முன்சக்கரம், வலக்கை பின்சக்கரம். பழக்கத்தில் இடக்கையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு, பின்மிதி பிரேக். வாடகை சைக்கிள்களில் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். சிக்னலில் பெடலைப் பின்னால் சுற்றிச் சரிசெய்யும் பழக்கம் உள்ளவர்கள் பொத்தென்று நின்றுவிடுவார்கள். மகளுக்கு இது ஒத்துவராது என்றால் முன்பதிவு செய்யும்போதே, பின்மிதி பிரேக் இல்லாத வண்டி என்று எழுதிக் கேளுங்கள்.

மூன்று, சாலையின் வலப்பக்கம். பாதையில் யாரும் தடுமாறுவதில்லை. படகிலிருந்து இறங்கியதும், ஐஸ்கிரீம் கடையிலிருந்து திரும்ப ஏறியதும்தான் கால் தானாக இடப்பக்கம் போகும். அந்த இடங்களில் பெரியவர் ஒருவர் முதலில் ஏறிக் காட்ட வேண்டும். ரவுண்டானாவும் நமக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

இருக்கை உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் மடங்காமல் நேராக வர வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சரியான அளவு மடங்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். அரை செ.மீ. அளவில் மாற்றிப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் பாரம் விழுகிறது என்று அர்த்தம். ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, மணிக்கட்டை நேராக வையுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஒவ்வொரு சக்கர அளவுக்கும் ஒரு ட்யூப் (மகளின் வண்டி 24 அல்லது 26 அங்குலமாக இருக்கும், உங்களுடையது 28, மறக்காதீர்கள்), டயர் நெம்புகோல் 3, பஞ்சர் ஒட்டுப்பெட்டி, சிறு பம்பு, 4, 5, 6 மி.மீ. அறுகோணச் சாவிகள், 15 மி.மீ. ஸ்பேனர், பிளாஸ்டிக் கட்டுப்பட்டை பத்து, சங்கிலி எண்ணெய் சிறு குப்பி. 150–200 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த அன்று மாலையும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். வால்வு மூன்று வகை உண்டு. பம்பு மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று கடையிலேயே காற்றடித்துப் பாருங்கள்.

மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியை ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியை ஏற்ற மாட்டார்கள். சைக்கிள் பேட்டரிகளோ சாதாரணமாகவே 400-க்கு மேல். அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

#7 – திண்ணை

ரொம்ப நன்றி. 15 மி.மீ. ஸ்பேனர் எதற்கு? பஞ்சரானால் கடை கிடைக்காதா?

#8 – சங்கிலிக்கோவை

கியர் முழுக்கப் பின்சக்கர நடு உருளைக்குள் இருக்கும் வண்டிகளில் சக்கரம் நட்டு போட்டு முறுக்கியிருக்கும், நெம்பினால் கழலும் வகை அல்ல. அந்த நட்டுக்குத்தான் 15. ஆனால் உண்மையான பதில் வேறு: அந்தச் சக்கரத்தைக் கழற்றவே கழற்றாதீர்கள். கியர் கம்பி, பின்மிதி பிரேக்கின் கை, திரும்பாமல் தடுக்கும் வாஷர் என்று எல்லாவற்றையும் திரும்ப அதே இடத்தில் பூட்ட வேண்டும். ஒன்று மாறினாலும் கியர் நழுவும்.

சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டும் முறை இது:

பைகளை இறக்கிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி முள்ளோ கண்ணாடியோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிடுங்கும் முன் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் காற்றடித்துக் காதை வைத்துக் கேளுங்கள், கன்னத்தில் காற்றுப் படுகிறதா பாருங்கள்.

மிச்சக் காற்றை முழுக்க விடுங்கள். சங்கிலி இல்லாத பக்கமாக, குறித்த இடத்தின் இருபுறமும் ஒரு சாண் நீளத்துக்கு நெம்புகோலால் டயர் விளிம்பை வெளியே எடுங்கள். அந்தத் துண்டு ட்யூபை மட்டும் வெளியே இழுங்கள். உப்புத்தாளால் ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத்துண்டைவிடச் சற்று அகலமாக, பளபளப்பு போகும்வரை தேயுங்கள். பசையை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். விரல் வைத்தால் ஒட்டாமல் காய்ந்திருக்க வேண்டும். இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுப்பார்கள். ஈரப் பசையில் ஒட்டினால் அடுத்த பத்து கி.மீ.க்குள் கழன்றுவிடும். ஒட்டுத்துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்துங்கள்.

ட்யூபைத் திரும்பத் திணிக்கும் முன் டயரின் உட்பக்கம் விரல்நுனியை மெதுவாக ஓட்டுங்கள். குத்தியது இன்னும் உள்ளேயே இருக்கலாம். அப்புறம் கொஞ்சம் காற்றடித்து ட்யூப் உருண்டையானதும், கையாலேயே விளிம்பை உள்ளே தள்ளுங்கள். நெம்புகோலால் தள்ளினால் ட்யூபைக் கிள்ளி இன்னொரு ஓட்டை விழும்.

பெரிய கிழிசல் என்றால்தான் ட்யூப் மாற்றமும் 15 ஸ்பேனரும். அப்படிக் கழற்றிப் பூட்டிய பிறகு கியரை 4-இல் வைத்துப் பாருங்கள். நடு உருளையின் பக்கத்தில் சின்னச் சாளரம் போல ஒரு இடத்தில் இரண்டு கோடுகள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். விலகியிருந்தால் கம்பியின் முறுக்கு வளையத்தைத் திருப்பிச் சேர்த்துவிடுங்கள்.

கடை பாஸாவ், லின்ஸ், மெல்க், கிரெம்ஸ், டுல்ன் ஊர்களில் உண்டு. ஞாயிறு கிடையாது. ஷ்லோகன் பக்கம் நம்ப வேண்டாம்.

லின்ஸில் டிராம் தண்டவாளம் உண்டு. டயர் அதன் பள்ளத்தில் இறங்கினால் விழுவது நிச்சயம். முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். மழையாக இருந்தால் மகளை இறங்கி உருட்டச் சொல்லுங்கள்.

#9 – வாஹாவ்வாசி

மெல்க்–கிரெம்ஸ் துண்டுக்கு வருகிறேன். ஆற்றுக் கணக்கில் 34 கி.மீ.தான், ஆனால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 2000-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பள்ளத்தாக்கு இது.

மெல்க் மடத்தை முதல் நாள் மாலையோ, காலையில் திறந்ததுமோ பார்த்துவிடுங்கள். பெனடிக்ட் துறவிகள் 1089 முதல் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்கப்போகும் மஞ்சள் பரோக் கட்டடம் யாக்கோப் பிராண்ட்டாவர் 1702-இல் தொடங்கியது. நடுப்பகலில் கப்பல் கப்பலாகக் கூட்டம் இறங்கும்.

இடது கரையில் ஊர்கள்: வில்லன்டார்ஃப், ஷ்பிட்ஸ், வைஸன்கிர்ஹன், டூர்ன்ஷ்டைன். வலது கரையில் அமைதியும், அந்த ஊர்களை எதிரிலிருந்து பார்க்கும் காட்சியும். ஒரே கரையில் போனால் பாதிதான் கிடைக்கும். ஆகவே மெல்க்கிலிருந்து வலது கரையில் ஆர்ன்ஸ்டார்ஃப் வரை, அங்கே கயிற்றுப் படகில் ஷ்பிட்ஸ், பிறகு இடது கரையில் டூர்ன்ஷ்டைன் வழியாகக் கிரெம்ஸ். இதில் வில்லன்டார்ஃப் விடுபடும். 1908-இல் ‘வில்லன்டார்ஃப் வீனஸ்’ என்ற 11 செ.மீ. பழங்கற்காலக் கல் பெண்ணுருவம் கிடைத்த இடம் அதுதான். ஆனால் அசல் சிலையை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும், நீங்கள் போய்ச் சேரும் ஊரிலேயே இருக்கிறது.

அந்தக் கயிற்றுப் படகை மகள் கவனித்துப் பார்க்க வேண்டும். அதில் உந்துபொறி கிடையாது. ஆற்றின் குறுக்கே, கப்பல்கள் அடியில் போகும் உயரத்தில், ஒரு இரும்பு வடம் கட்டியிருக்கும். அதில் ஒரு உருளை ஓடும், அதிலிருந்து தொங்கும் கயிறு படகைப் பிடித்திருக்கும். படகுக்காரர் படகின் மூக்கை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்புவார். கீழே தள்ளிக்கொண்டு போக வேண்டிய தண்ணீர், கயிறு விடாததால், படகைப் பக்கவாட்டில் எதிர்க்கரைக்குத் தள்ளுகிறது. திரும்பி வரும்போது சாய்வை மாற்றிவிட்டால் போதும். சத்தமே இருக்காது, தண்ணீர் பலகையில் உரசும் ஒலி மட்டும்.

இது ஏன் இங்கே இன்னும் ஓடுகிறது என்றால், ஆஸ்திரிய டான்யூபில் யோஹன்ஷ்டைனோடு சேர்த்துப் பத்து மின்நிலைய அணைகள் இருக்கின்றன. பெரும்பகுதி ஆறு ஏரி போலத் தேங்கி நிற்கிறது. தடையில்லாமல் ஓடுவது இரண்டே இடத்தில்: வாஹாவ், பிறகு வியன்னாவுக்குக் கிழக்கே. ஓட்டம் இருந்தால்தான் கயிற்றுப் படகு. அதே ஓட்டம்தான் குளிக்கிறவர்களை இழுக்கும். மணல் கரை அழகாக இருக்கிறதென்று பிள்ளையை முழங்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். கப்பல் போன ஓரிரு நிமிடத்தில் நீர் பின்வாங்கித் திரும்ப அடிக்கும்.

டூர்ன்ஷ்டைன் கோட்டை இடிபாடு ஊருக்கு மேலே. இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டை 1192 கடைசியில் பிடித்து வைத்திருந்த இடம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்கள், செருப்பு வேண்டாம். ஊருக்குள் கல் பாவிய தெரு, கூட்டத்தில் ஓட்ட முடியாது, உருட்டித்தான் போக வேண்டும்.

ஜூலை இரண்டாம் பாதி என்றால் பாதாமிப்பழக் (ஆப்ரிகாட்) காலம், அங்கே மரிலே என்பார்கள். கரையோரத் தட்டிகளில் வாங்கும்போது அன்றைக்குச் சாப்பிடும் அளவு மட்டும் வாங்குங்கள். பைக்குள் வைத்தால் மாலைக்குள் கூழாகிவிடும்.

#10 – இலைச்சாப்பாடு

சைவத்துக்கு. பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

முதல் பொறி சூப். ஃப்ரிட்டாட்டன் சூப் என்று இருக்கும். தோசை போன்றதைக் கீற்றாக நறுக்கிப் போட்டிருப்பதால் சைவம் போலவே தெரியும். அடியில் மாட்டிறைச்சி ரசம். உருண்டை வகைகளில் பன்றி உப்புக்கண்டம் கலப்பார்கள், அதற்கு ‘ஷ்பெக்’ என்று பெயர். அந்தச் சொல் கண்ணில் பட்டால் தள்ளிவிடுங்கள். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் கேட்டால் ஷ்பெக்கும் ரசமும் கணக்கில் வராமல் போகலாம். ‘வெகெட்டாரிஷ்’ என்று சொல்லி, ரசம் எதில் செய்தது என்றும் கேட்டுவிடுங்கள்.

நம்பிச் சாப்பிடலாம்: கேஸேஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட மாவுத்துணுக்கு, மேலே பொரித்த வெங்காயம்), கோடையில் வரும் மஞ்சள் காளான், கைஸர்ஷ்மார்ன் (முட்டை மாவில் சுட்டுப் பிய்த்துப் போடும் இனிப்பு அப்பம்), பிறகு மரிலன்க்னோடல். கடைசியாகச் சொன்னது ஒரு முழுப் பாதாமியை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டியது. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இனிப்பாக இருந்தாலும் நான்கு சாப்பிட்டால் மதிய உணவு முடிந்தது.

வாசலில் பச்சைக் கிளைக்கொத்து தொங்கும் வீடுகள் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினை விற்கும் இடம். அங்கே பெரும்பாலும் குளிர்ந்த உணவு மட்டும்: ரொட்டி, சீஸ், மிளகாய்ப்பொடி கலந்த லிப்டாவர் பூச்சு. சூடாக வேண்டுமென்றால் முன்பே வேறு இடம் பாருங்கள். பெரியவர்கள் குடிப்பதானால், ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கும் ரத்த ஆல்கஹால் வரம்பு உண்டு, ஆயிரத்துக்கு 0.8 (0.8‰) என்பதை நினைவில் வையுங்கள்.

கடைகள் சனிக்கிழமை மாலை ஆறுக்குள் மூடும், ஞாயிறு திறக்காது. சனி மதியமே ரொட்டி, சீஸ், பழம், தயிர் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். கிராமத்தில் குழாய் கிடைக்காவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஒரு சிறு டப்பா எடுத்துப் போங்கள். வெள்ளைச் சோறு எங்கும் கேட்டால் தருவார்கள்.

#11 – முத்திரை

விசா: ஷெங்கனில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம். மியூனிக்கில் இறங்கினாலும் உங்களுக்கு ஆஸ்திரியாவில்தான் இரவுகள் அதிகம், ஆகவே ஆஸ்திரியா. இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். ஜூலைக்கு நெரிசல் இருக்கும், ஏப்ரலிலேயே நாள் பிடியுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. ஒவ்வோர் இரவும் வேறு ஊர் என்பதால் விடுதிச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஆற்று வரைபடம் ஒன்றையும் மேலே வையுங்கள். ஷ்லோகனில் படுக்கைகள் குறைவு, அதை முதலில் பதிவு செய்யுங்கள்.

12 வயதுக்குக் கீழே ஆஸ்திரியாவில் தலைக்கவசம் கட்டாயம். மகளுக்குப் பொருந்தியதை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அவசர எண் இரு நாட்டிலும் 112. மூல பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், பாஸாவ் எல்லையில் நிறுத்திக் கேட்பதுண்டு.

மியூனிக்–பாஸாவ் ரயிலுக்கு பயர்ன் சீட்டு (பவேரியா மாநில ரயில்களுக்கான ஒரு நாள் சீட்டு) பாருங்கள். வார நாளில் காலை 9-க்குப் பிறகுதான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது.

#12 – திண்ணை

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட திட்டம். தவறு இருந்தால் திருத்துங்கள்.

நாள் 1: பாஸாவ் – யோஹன்ஷ்டைன் (வலது), அங்கிருந்து ஆவ் (இடது), படகில் ஷ்லோகன். சுமார் 40.
நாள் 2: ஷ்லோகன் – ஆஷாஹ் (வலது), லின்ஸ் (இடது). 55.
நாள் 3: லின்ஸ் – மவுத்ஹவுசன் – கிரைன் (இடது). 60.
நாள் 4: கிரைன் – மெல்க் (இடது, இப்ஸில் கடந்து வலது). 45.
நாள் 5: மெல்க் – ஆர்ன்ஸ்டார்ஃப் (வலது), ஷ்பிட்ஸ் – கிரெம்ஸ் (இடது). 36.
நாள் 6: கிரெம்ஸ் – ஆல்டன்வொர்த் (இடது), டுல்ன் (வலது). 45.
நாள் 7: டுல்ன் – வியன்னா (வலது). 38.

#13 – நீர்மட்டம்

மூன்றாம் நாள் இறுக்கம். மவுத்ஹவுசன் வதைமுகாம் நினைவிடம் ஆற்றங்கரையில் இல்லை, ஊருக்கு மேலே குன்றில். ஏற்றம் செங்குத்து. பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். 1938 முதல் 1945 மே 5 வரை ஏறக்குறைய 1,90,000 பேரை அங்கும் கிளை முகாம்களிலும் அடைத்திருந்தார்கள், குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். கல்லுடைக்கும் குழிக்கு இறங்கும் 186 படிகள் இன்றும் இருக்கின்றன. 11 வயதுப் பிள்ளைக்கு எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை நீங்கள் இருவரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். போவதானால் அன்று கிரைன் வரை துரத்தாமல் மவுத்ஹவுசனிலேயே தங்கி, எட்டு நாளாக்கலாம். ஒருவர் பிள்ளையோடு கரையில் இருக்க, மாறி மாறிப் போய்வருவதும் ஒரு வழி.

ஆறாம் நாள் ட்ஸ்வென்டன்டார்ஃபில் ஒரு அணுமின் நிலையத்தைக் கடப்பீர்கள். கட்டி முடித்து, 1978 நவம்பர் 5 வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்று சொன்னதால் ஒரு நாள்கூட இயங்காதது. டுல்ன் சமவெளியில் நிழலே இல்லை. கிரெம்ஸில் மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு காலை எட்டுக்குள் கிளம்புங்கள். பெரும்பாலும் மேற்குக் காற்று முதுகில் தள்ளும். கிழக்குக் காற்று வந்துவிட்டால் அந்த 45 கி.மீ. 60 போல இருக்கும். பெரியவர்கள் முன்னால் மாறி மாறி ஓட்டி மகளைப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள்.

#14 – கரையோரக்கொக்கு

நாலாம் நாள் தவறு, தம்பி. கிரைன்–இப்ஸ் வலது கரை என்று சொன்னேன், நீங்கள் இடது என்று எழுதியிருக்கிறீர்கள். கிரைனிலிருந்து சிறு படகில் எதிர்க்கரைக்குப் போங்கள். படகு ஓடாவிட்டால், ‘இருக்கட்டும், இப்படியே போய்விடலாம்’ என்று சாலையில் இறங்காமல் ஆற்றுக்கு மேல்பக்கமாகத் திரும்பிப் போய்ப் பாலம் ஏறுங்கள். போக வர ஆறேழு கி.மீ. கூடும். பரவாயில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் சாலை குறுகல், வளைவுகளில் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

மூன்றாம் நாளே, பாலத்தில் ஏறாமல், அதன் பக்கமாகத்தான் கிரைனுக்குள் நுழைவீர்கள். அப்போது நின்று அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள்.